கீழே ஓடுகிறவன் முதலில் இறங்க வேண்டும்

வல்லநேந்தல் பங்குனிப் பொருட்காட்சியில், மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிளில் மேலே ஏறிய சந்தியாகு கீழே இறங்கவில்லை.

விழுந்திருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். விழுகிறவனைப் பார்க்கத்தான் சனம் டிக்கெட் எடுத்துப் படியேறி வந்து விளிம்பில் தொங்குகிறது. இவன் விழவும் இல்லை, இறங்கவும் இல்லை. செங்குத்தான பலகைச் சுவரில், இரண்டு ஆள் உயரத்தில், படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடிந்து மணி அடித்த பிறகும் சுற்றினான், சனம் எழுந்து போன பிறகும் சுற்றினான், டாங்கில் பெட்ரோல் தீர்ந்த பிறகும் சுற்றினான், பொருட்காட்சி முடிந்து ராட்டினக்காரனும் டெல்லி அப்பளக்காரனும் தலை மட்டுமே உள்ள அதிசயப் பெண்ணும் முழு உடம்போடு லாரி ஏறி அடுத்த ஊருக்குப் போன பிறகும் அவன்பாட்டுக்குச் சுற்றினான்.

காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. கிணற்றில் ஓட்டுகிறவர்களுக்கு வேதம், பைபிள், குரான் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு சட்டம்தான். இரண்டு பேர் ஓடினால் கீழே ஓடுகிறவன் முதலில் இறங்க வேண்டும். அவன் இறங்கித் தரையில் கால் ஊன்றிய பிறகுதான் மேலே ஓடுகிறவன் இறங்கலாம். மீறினால் மேலே இருப்பவன் கீழே இருப்பவன் தலைமேல் இறங்குவான். யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்தால்தானே மீறத் தோன்றும்.

அன்றைக்குக் கீழே ஓடியவன் வீரணன். இளவட்டம். பாதி ஆட்டத்தில் அண்ணாந்து பார்த்தான். பார்க்கக் கூடாது, பார்த்தான். விளிம்பில் தொங்கிய முகங்களுக்கு நடுவே, பரமக்குடியில் தாலி கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்த பெண்ணின் அண்ணன்மார் இரண்டு பேர் கடலை தின்றுகொண்டிருந்தார்கள். வீரணன் ஹேண்டில்பாரை மேலே திருப்பினான், சந்தியாகுவின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஏறினான், விளிம்பைத் தொட்டதும் வண்டியை விட்டுவிட்டு ஒரு பெரியவரின் தோளில் கால் வைத்து அந்தப் பக்கம் குதித்து, காலிஃபிளவர் வறுவல் கடையின் வழியாக ஓடினான். அவன் வண்டி மட்டும் சறுக்கிக் கீழே வந்து சக்கரம் சுழலக் கிடந்தது.

வண்டி இறங்கியது. ஆள் இறங்கவில்லை. சட்டம் ஆளைப் பற்றியது.

சந்தியாகு சும்மா இருக்கவில்லை. இறங்கப் பார்த்தான். சுவரின் பாதியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதற்குக் கீழே ஹேண்டில்பார் திரும்ப மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரைக் குறைத்தான், அது குறையவில்லை. பிரேக்கை மிதித்தான், கிணற்று வண்டியில் பிரேக் எந்தக் காலத்தில் இருந்தது. செக்கு மாடு போல வண்டி தன் தடத்திலேயே போனது. அவனைவிட அதற்குச் சட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது.

அவனுடைய தொழில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திண்டுக்கல்லில் பேக்கரி ஒன்றுக்கு மொபெட்டில் பன் எடுத்துப் போய்க் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கூடை நிறைய பன்னோடு, ஒரு பன்கூடச் சிந்தாமல் மணிக்கூண்டைச் சுற்றியவனைக் கிணற்று முதலாளி மஸ்தான் பாய் பார்த்துவிட்டார். முதலில் பலகை கூட்டினான், பிறகு ஒருவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓடினான், பிறகு கீழே ஓடினான், பிறகு மேலே ஓடினான். இரண்டு கையையும் விட்டு ஓட்டினான், ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டினான், பேப்பர் படித்துக்கொண்டு ஓட்டினான், சுவரில் ஓடியபடியே சோடா குடித்து ஏப்பமும் விட்டான். வாசல் தட்டியில் 'சிங்கப்பூர் புகழ் சந்தியாகு' என்று எழுதியிருந்தார்கள். சிங்கப்பூரை அவன் தைல பாட்டிலில்தான் பார்த்திருந்தான்.

அவனுடைய பொண்டாட்டி வாசலில் டிக்கெட் கிழித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கிணற்று ஓரத்தில்தான் குடித்தனம். ஊர் ஊராக, லாரி லாரியாக, அவன் மேலே ஏறும்போதெல்லாம் அவளுக்கு வயிறு மேலே ஏறும், அவன் இறங்கும்போதெல்லாம் இறங்கும். வல்லநேந்தலுக்கு வந்த அன்று அவன் சொல்லியிருந்தான்:

"இந்த ஊரோட முடிச்சுக்கிறேன். மெயின் ரோட்டுல பஞ்சர் கடை போடுவோம். நின்ன இடத்துல நின்னு பார்க்கிற வேலை."

அவள் அப்போதே தகரப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். கட்டிய பெட்டி கட்டியபடியே இருந்தது. அவள் வயிறு ஏறியபடியே இருந்தது.

முதல் நாள் சனம் போன பிறகு அவள் விளிம்புக்கு ஏறிப் போய்க் குனிந்தாள். அவன் ஒரு மின்னலாக வந்து ஒரு மின்னலாகப் போவான். ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தைக்குத்தான் நேரம்.

"ஏன்?" என்றாள்.

அடுத்த சுற்றில் "வீரணன்" என்றான். அதற்கடுத்ததில் "இறங்கலை" என்றான்.

"ஓடிட்டான்!"

"அப்ப" என்று வந்தான், போனான். "எப்படி" என்று வந்தான், போனான். "இறங்குவேன்?"

அவளுக்கு விளங்கிவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. ஏனென்றால் வேறு யாரும் அவனைக் கேட்கவில்லை.

ஊர் என்ன செய்தது என்றால், ஊர் எதைச் செய்யுமோ அதைச் செய்தது. முதலில் தீயணைப்பு வண்டி வந்தது. வலை விரித்துக் காத்திருந்தார்கள். விழாதவனுக்கு வலை எதற்கு என்று சுருட்டிக்கொண்டு போனார்கள். போலீஸ் வந்தது. தற்கொலை முயற்சியா, அதிவேகமா, பொது இடத்தில் இரைச்சலா என்று தங்களுக்குள் வாதாடி, ஹெல்மெட் போடவில்லை என்று ஒரு கேஸ் எழுதி, கையெழுத்து வாங்க நீட்டிய பேனாவை அவன் பறித்துக்கொண்டு போக, பேனா காணாமல் போனதற்கு இன்னொரு கேஸ் எழுதியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்தவர், லைசென்ஸ் காலாவதி ஆகப்போகிறது, புதுப்பிக்க நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்து அளந்து கணக்குப் போட்டு, இவன் முதல் வாரமே விழுந்துவிட்டான் என்று நிரூபித்தார். நிரூபித்துவிட்டு அவனோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மஸ்தான் பாய் ஒரு மாதம் பார்த்தார். ஆள் ஓடிக்கொண்டிருக்கும்போது பலகையைக் கழற்ற முடியாது. "கிணறும் உங்களுக்கே, அவனும் உங்களுக்கே, கீழே கிடக்கிற அந்த வண்டியும் உங்களுக்கே. அல்லா காப்பாத்தட்டும்" என்று ஊரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். போன ஊரில் புதுக் கிணறு கட்டி 'வல்லநேந்தல் புகழ்' என்று தட்டி வைத்தார்.

சோறு போடுவது மட்டும் அவள் வேலையாக இருந்தது. விளிம்பில் நீட்டிய கையிலிருந்து ஓடும் வேகத்தில் ரூபாய் நோட்டைப் பறிப்பது கிணற்றுக்காரர்களின் கடைசி வித்தை. அதே வித்தையில் இட்லிப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டான். கெட்டிச் சட்னி வைப்பாள். ஒருமுறை சாம்பார் வைத்தாள். எதிரில் நின்ற தாசில்தாரின் சட்டைக்குப் போயிற்று. குளிக்க மாதத்துக்கு ஒருநாள் தீயணைப்பு வண்டி. தூக்கம் எப்படி என்று கேட்காதீர்கள். பஸ் ஓட்டுநர்கள் தூங்குவதில்லையா.

பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. இரண்டாம் வருடம் அந்தச் சத்தம் இல்லாமல் பிள்ளைகள் தூங்க மறுத்தன. மூன்றாம் வருடம் வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டை ஒரு சுற்று அவன் கையில் கொடுத்து வாங்கிப் போனார்கள். விசா கிடைத்தவன் வந்து கெடா வெட்டினான், கிடைக்காதவன் பக்தி போதாது என்று போனான். டிரைவிங் டெஸ்டுக்குப் போகிறவர்கள் கிணற்றை மூன்று முறை வலம் வந்தார்கள். மாதா கோயில்காரர்கள் அவன் ஞானஸ்நானம் வாங்கியவன் என்றார்கள், காளி கோயில்காரர்கள் அவன் காளியின் சக்கரம் என்றார்கள், பள்ளிவாசல்காரர்கள் வண்டி மஸ்தான் பாயுடையது என்று நினைவூட்டினார்கள். பஸ் நிறுத்தத்துக்குக் கிணத்தடி என்று பேர் வந்தது. மிக்சர் கடை வந்தது, அதற்கு எதிரில் 'ஒரிஜினல்' என்ற பேரில் இன்னொரு மிக்சர் கடை வந்தது. தரிசு முழுவதும் பிளாட் போட்டு, 'சந்தியாகு நகர், சத்தம் கேட்கும் தூரத்தில்' என்று கொடி நட்டார்கள். அவன் சொந்தமாக ஒரு அடி நிலத்தில் நிற்காததால் ஊர் முழுவதும் அவன் பேரில் நின்றது.

பொண்டாட்டியின் பேரில் ஒன்றும் நிற்கவில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். "அவரு கிணத்துல இருக்காருய்யா" என்றாள். "தெரியும்மா, எங்க வீட்டுப் பூஜை ரூம்ல அவரு படம் இருக்கு. ஆனா ரேகை வேணும்" என்றான் கடைக்காரன். வாக்காளர் பட்டியலில் நிலையான முகவரி இல்லாதவர் என்று எழுதினார்கள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

பேரூராட்சித் தலைவர் பூமிநாதனிடம் போனாள். சேர்மன் என்று கூப்பிட்டால்தான் திரும்புவார்.

"அவரை இறக்கணும்ணே."

"இறக்கிருவோம் தங்கச்சி. அடுத்த கூட்டத்துல பொருளா வச்சிருவோம்."

வைத்தார். கிணற்றுக்கு மெர்க்குரி விளக்கு போடத் தீர்மானம் ஆயிற்று. மறுபடி போனாள், கிணற்றுக்கு வளைவு கட்டத் தீர்மானம் ஆயிற்று. மறுபடி போனாள், பொம்பளைகள் கிணற்றின் அடித்தரையில் கால் வைத்தால் தீட்டு என்று தீர்மானம் ஆயிற்று. அதுவரை அந்தத் தரையைத் தினமும் கூட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவள் போகப் போகக் கிணறு வளர்ந்தது.

இப்படியே எட்டோ ஒன்பதோ பங்குனி போயிற்று. பலகைகள் முனக ஆரம்பித்தன. ஊர் பதறிப்போய், அவனை அல்ல, பலகையைக் காப்பாற்ற ஒரு கமிட்டி போட்டது. சுற்றிலும் கான்கிரீட் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. அடியில் வண்டி உள்ளே போகிற சின்னக் கதவுதான் பலவீனமான இடம், அதை அடைத்துப் பூசிவிட வேண்டும் என்று என்ஜினீயர் சொன்னார். வருகிற பங்குனியில் மந்திரி வந்து முதல் கரண்டி சிமெண்ட் வைப்பார். கல்வெட்டுக்குக் கல்கூட வந்து இறங்கிவிட்டது.

அவள் சேர்மன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கதவை அடைச்சுட்டா அவரு எப்படிண்ணே வெளிய வருவாரு?"

சேர்மனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வெளிய வர்றதுன்னா எதுக்குத் தங்கச்சி கான்கிரீட்டு?" என்றார்.

"அவரு மனுசன்ணே."

"யாரு இல்லைன்னா? மனுசனா இருக்கப்போயித்தான இவ்வளவு மரியாதை. ஆமா, அவரு இறங்கிட்டா இந்த ஊரு என்னத்துக்கு ஆகும்னு ஒரு நாளாவது யோசிச்சியா? உனக்கு சுயநலம் தாயி."

அவள் யோசிக்கவில்லை. பஸ் ஏறினாள்.

வீரணன் பரமக்குடியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தான். டெஸ்டுக்கு முன்னால் கிணற்றை வலம் வந்த ஒருவன் சொல்லித்தான் அவன் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிய வந்திருந்தது. அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டிருந்தான். கடை வாசலில் இந்தப் பக்கம் ஒரு மச்சினன், அந்தப் பக்கம் ஒரு மச்சினன், நடுவில் வீரணன். அவளைப் பார்த்ததும் எழுந்தான். வயிறு முதலில் எழுந்தது, ஆள் பிறகு.

"மதினி!"

"வந்து இறங்கிட்டுப் போ."

"எதுலருந்து?"

"ஏறுனதுலருந்து."

"அண்ணன் இன்னுமா சுத்துறாரு? பேப்பர்ல போட்டோ எல்லாம் வருதேன்னு, அவருக்கு அது பிடிச்சுப்போச்சுன்னுல்ல நினைச்சேன்."

"நீ இறங்காம அவரு எப்படிடா இறங்குவாரு?"

வீரணன் உட்கார்ந்துவிட்டான். முகத்தைத் துடைத்தான். "மெத்தையில புரண்டு படுத்தாலே எனக்குத் தலை சுத்துது மதினி. ராட்டினத்தைப் படத்துல பார்த்தா வாந்தி வருது. சத்தியமா முடியாது."

"மாப்பிள்ளை எங்கயும் வரமாட்டாரும்மா" என்றான் பெரிய மச்சினன். "ஏற்கனவே ஒரு தடவ குதிச்சவரு."

அவள் வீரணன் பக்கம் திரும்பினாள். கேட்டாள்: "கீழே ஓடுறவன் இறங்கணும். அதான சட்டம்?"

"அதான்."

"வீரணன் இறங்கணும்னு சொல்லியிருக்கா?"

"இல்லை..."

"ஆம்பளைதான் ஓடணும்னு?"

"அப்படி யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல மதினி."

"அப்ப எனக்குச் சொல்லிக்குடு. கிளச் எது?"

பரமக்குடியில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கிணற்றுப் படிக்கட்டுக்கு அடியில் சாக்குக்குள் கிடந்த வீரணனின் பழைய வண்டியை எடுத்துத் துடைத்து, வற்றிக்கிடந்த கண்மாய்க்குள் தள்ளிக்கொண்டு போய், கரைச் சரிவில் ஏற்றி ஏற்றிச் சுற்றினாள். விழுந்தாள், சுற்றினாள், பல் ஒன்று போயிற்று, சுற்றினாள். வீரணன் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மச்சினன்மாரோடு வந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு, அவளைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சத்தத்தை வைத்தே சொல்லிக்கொடுத்தான். பார்த்தால் வாந்தி வரும்.

"ஏறுறது பெரிசில்ல மதினி. வேகத்தைக் குடுத்தா எந்த நாயும் ஏறும். இறங்குறதுதான். எல்லாரும் கை தட்டுறப்ப வேகத்தைக் குறைக்கணும். அதுக்கு மனசு வேணும். எனக்கு இல்ல, பார்த்தீங்கள்ல."

ஊர் அதையும் பார்த்தது. "சாமிக்கு வாக்கப்பட்டவ, சந்நதம் வராம இருக்குமா" என்று சொல்லிவிட்டு மிக்சர் வாங்கப் போயிற்று.

பங்குனித் திருநாளில் உச்சிவெயில். மந்திரி வரத் தாமதம். மந்திரி என்றால் தாமதம்தான். ஊர் முழுவதும் மாலையும் மேளமுமாக பைபாஸ் முக்கில் காய்ந்துகொண்டிருந்தது. கதவோரம் குழைத்து வைத்த சிமெண்ட் இறுகிக்கொண்டிருந்தது. காவலுக்கு நின்றவன் மோர் குடிக்கப் போயிருந்தான். அவள் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளி உள்ளே கொண்டுபோய், கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். மேலே மொட்டை போட்ட ஒரு குடும்பம் மட்டும் பொரி தின்றபடி நின்றிருந்தது.

சந்தியாகு கீழே பார்த்தான். ஒன்பது வருடத்தில் அடித்தரையில் வண்டியோடு ஓர் ஆள்.

"வேணாம்" என்று கத்திவிட்டுப் போனான்.

"வாயை" என்றாள். அடுத்த சுற்றில் "மூடுங்க" என்றாள்.

உதைத்தாள். வண்டி உறுமியது. சுவரடிச் சரிவில் இரண்டு வட்டம், மூன்றாவதில் சுவரைத் தொட்டாள். பின்சக்கரம் வழுக்க, முழங்கை தோல் உரியக் கீழே வந்து விழுந்தாள். மேலே மொட்டைக் குடும்பம் கை தட்டியது. எழுந்தாள். மறுபடி உதைத்தாள். இந்தத் தடவை முகங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை, வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்தாள். பூமி சாய்ந்து சுவராயிற்று, சுவர் படுத்துப் பூமியாயிற்று, வயிற்றில் ஒன்பது வருடமாக ஏறி நின்ற ஒன்று அவளோடு சமமாக வந்து நின்றது. கோட்டுக்குச் சற்றுக் கீழே அவள். கோட்டுக்கு மேலே அவன். ஒரே வேகம், ஒரே திசை.

அப்போதுதான் அது நடந்தது. அவன் கடந்து போகவில்லை. பக்கத்திலேயே இருந்தான். உலகம்தான் அவர்களைச் சுற்றிக் கலங்கலாக ஓடியது, அவன் நின்றுகொண்டிருந்தான். முழு வாக்கியம் பேசலாம்.

"முடியெல்லாம் நரைச்சுப் போச்சே உனக்கு" என்றான்.

"உங்களுக்கு மட்டும் கறுப்பா இருக்காக்கும்."

"பல்லு எங்க?"

"கண்மாயில."

கொஞ்ச தூரம் ஓடினார்கள். தூரம் என்றால் அதே வட்டம்தான்.

"நேத்து சட்னியில உப்பு கம்மி" என்றான். "அடுத்த சுத்துக்குள்ள நீ போயிட்ட. சொல்ல முடியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு வேறொன்றும் வந்தது. இப்படியே இருந்துவிடலாமே என்று ஒரு நினைப்பு. பஞ்சர் கடையும் வேண்டாம், ரேஷனும் வேண்டாம், யாருடைய கைரேகையும் வேண்டாம், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். அந்த நினைப்பு பொல்லாதது. ஆக்சிலேட்டரைப் பிடித்த கை கொஞ்சம் இறுகக்கூடச் செய்தது.

பைபாஸ் முக்கில் ஊர் காதைத் தீட்டிக்கொண்டது. ஒன்பது வருடமாக ஒரு வண்டிச் சத்தம், இப்போது இரண்டு. மந்திரி வரவேற்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தது. படியேறி விளிம்பில் தொங்கியது. முதலில் கை தட்டியது, அற்புதம் குட்டி போட்டிருக்கிறது என்று. குலவை போட்டது. அப்புறம்தான் யாரோ சேலையைப் பார்த்தார்கள்.

"பொம்பளைடா! கிணத்துக்குள்ள பொம்பளை!"

"அவன் பொண்டாட்டிப்பா!"

"தீட்டாகிப் போச்சே!"

சேர்மன் கதவை உடைக்கச் சொன்னார். உள்தாழ்ப்பாள். மந்திரியை வரவேற்க வைத்திருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"ஏம்மா, சந்தியாகு பொண்டாட்டி! இறங்கு! மரியாதையா இறங்கும்மா!"

"இறங்கு!" என்றது கமிட்டி. "இறங்கு!" என்றன இரண்டு மிக்சர் கடைகளும். பிளாட் போட்டவர்கள், விசா வாங்கியவர்கள், மாதா கோயில், காளி கோயில், பள்ளிவாசல், குலவை போட்ட அதே வாய்கள், ஒன்பது வருடமாக ஒரு தடவைகூட அந்தச் சொல்லைச் சொல்லாத அத்தனை வாய்களும் விளிம்பில் வட்டமாக நின்று தொண்டை கிழியக் கத்தின: "இறங்கு! இறங்கு! இறங்கு!"

"ஊர் சொல்லுது" என்றாள் அவள், பக்கத்தில் இருந்தவனிடம்.

"சொன்னாக் கேக்கணும்" என்றான் அவன்.

ஊர் சொல்லி அவள் கேட்ட முதல் சொல் அது. கையைத் தளர்த்தினாள். கோட்டை விட்டு நழுவினாள், சுவரை விட்டுச் சரிவுக்கு, சரிவை விட்டுத் தரைக்கு. வண்டியை ஓரம்கட்டி, இடது காலை ஊன்றி, வலது காலையும் ஊன்றி, அண்ணாந்து பார்த்தாள்.

மேலே, வெள்ளைக் கோட்டின்மேல், ஹேண்டில்பார் திரும்பியது.

யாரும் கத்தவில்லை. சேர்மனின் கையில் மைக் மட்டும் கூவியது. சந்தியாகு ஒரு சுற்று தாழ்ந்தான், இன்னொரு சுற்று தாழ்ந்தான், தரைக்கு வந்து அவளுடைய வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். சாவியைத் திருப்பினான்.

வல்லநேந்தலில் சத்தம் நின்றது. தொட்டில்களில் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறின. நாய்கள் எழுந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒருவருக்கொருவர் இத்தனை வருடமாகக் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் ஊருக்கே தெரிந்தது.

தாழ்ப்பாளைத் திறந்து அவனைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தாள். நேராக நடக்க வரவில்லை. இடது பக்கமாகவே வளைந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. ஒருத்தன் பழக்கதோஷத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினான். சந்தியாகு வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

ஊர் கெட்டுப்போகும் என்றார்கள். கெடவில்லை. அதற்கு வேறு வழி தெரியும். வந்த கல்லை வீணாக்க முடியாது என்று, மந்திரி முன்னிலையில், சேர்மன் தலைமையில், கமிட்டியின் முயற்சியால், என்ஜினீயரின் மேற்பார்வையில் சந்தியாகு அவர்கள் இறக்கப்பட்டார் என்று வெட்டிக் கிணற்று வாசலில் நட்டார்கள். காண்ட்ராக்டர் பேரும் அதில் உண்டு. மாதா கோயில் ஒரு கதை சொல்கிறது, காளி கோயில் ஒரு கதை சொல்கிறது. பரமக்குடியில் இரண்டு மச்சினன்மார் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள். கிணற்றில் இப்போது வெங்காயம் இருக்கிறது. நல்ல காற்றோட்டம்.

சந்தியாகு மெயின் ரோட்டில் பஞ்சர் கடை போட்டான். இன்னமும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் நிற்கிறான். நின்ற இடத்தில் நிற்கிறான், அது போதும். போர்டு எழுத ஆள் வந்தான். ஊர்க்காரன்தான். சந்தியாகுவின் பேரை அரிசியில்கூட எழுதி விற்றவன்.

"உங்க பேரத்தானண்ணே போடணும்?"

சந்தியாகு இல்லை என்று தலையாட்டினான். உள்ளே, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவளைக் காட்டினான்.

"இறக்கினவ பேரைப் போடு."

பெயிண்டர் தூரிகையை எடுத்தான், யோசித்தான், தலையைச் சொறிந்தான். அக்கம்பக்கத்துக் கடைகளைப் பார்த்தான். மிக்சர் கடைக்காரன் உதட்டைப் பிதுக்கினான். டீக்கடைக்காரனுக்கும் தெரியவில்லை. அந்த வழியாகப் போன சேர்மனை நிறுத்திக் கேட்டார்கள்; அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பொருளாக வைப்பதாகச் சொன்னார்.

"என்ன பேருண்ணே அவங்களுக்கு?"

ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தை பேசியே பழகியவன். ஒரே வார்த்தையில் சொன்னான்.

"ஞானப்பூ."